பேனாக்கத்தியா, மல்டி டூலா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

தினமும் பாக்கெட்டிலோ பையிலோ எதை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். மல்டி டூல் என்றால் குறடும் (கட்டிங் பிளேயர்) கத்தி முதலிய கருவிகளும் ஒன்றாக மடங்கும் சாமான். ஸ்விஸ் கத்தி என்றால் குறடு இல்லாமல் பல கருவிகள் மடங்கும் பேனாக்கத்தி. நான் மில் மெயின்டனன்ஸ் ஆள், கத்தி சேகரிப்பவன் அல்ல. அதனால் அழகு, அரிய மாடல் பற்றியெல்லாம் என்னிடம் பதில் இருக்காது.

அண்ணா, ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறேன். மல்டி டூலா, ஸ்விஸ் கத்தியா? (அலுவலக ஊழியர், சென்னை)

போன மாதம் முழுக்க யோசித்துப் பாருங்கள். "கையில் ஒரு கட்டிங் பிளேயர் இருந்திருந்தால் முடித்திருப்பேன்" என்று நினைத்த சந்தர்ப்பம் ஏதாவது இருந்ததா? இருந்தால் மல்டி டூல். இல்லையென்றால் பேனாக்கத்தி. என் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான்.

கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர் எல்லாம் இரண்டிலும் கிடைக்கும். பிடித்து இழுக்க, முறுக்க, நசுக்க ஒரு தாடை வேண்டும் என்றால்தான் மல்டி டூலுக்கு வேலை. அது பிறந்த கதையே இதுதான். 1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கையில் இருந்தது சாரணர் கத்தி. வண்டி மக்கர் செய்தபோதும், தங்கிய அறைகளில் குழாய் ஒழுகியபோதும் அந்தக் கத்தியை வைத்துச் சமாளித்தார். குறடு மட்டும் இல்லை. ஊர் திரும்பி, கத்திக்குள் குறட்டை எப்படி மடக்கி வைப்பது என்று உட்கார்ந்தவருக்கு, பொருள் சந்தைக்கு வர 1983 ஆகிவிட்டது. அவருக்குக் குறடு தேவைப்பட்டது, செய்துகொண்டார். உங்களுக்குத் தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

எடையையும் பாருங்கள். லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ் மல்டி டூல் 241 கிராம். விக்டோரினாக்ஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டன் என்ற ஸ்விஸ் கத்தி 60 கிராம்தான் இருக்கும். நாலு மடங்கு கனத்தைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி இறங்கினால், இரண்டாவது வாரமே அது மேஜை டிராயருக்குப் போய்விடும். டிராயரில் கிடக்கும் 241 கிராமை விட பாக்கெட்டில் இருக்கும் 60 கிராம் மேல்.

அப்படியென்றால் ஸ்விஸ் கத்தியில் எந்த மாடல்? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

மடக்கிய நீளத்தை வைத்துப் பிரித்தால் சுலபம். 58 மில்லிமீட்டர் சாவிக்கொத்துக்கு, 84ம் 91ம் பாக்கெட்டுக்கு, 111 பைக்கு. உள்ளே கருவிகள் எத்தனை அடுக்கு என்று அடுத்துப் பாருங்கள். இரண்டு அடுக்கு போதும், மூன்று வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பாக்கெட்டில் கல்லை வைத்த மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

91இல் ஸ்பார்ட்டனும் டிங்கரும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்பார்ட்டனின் முதுகில் கார்க் திருகி, டிங்கரில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். நம் வீடுகளில் கார்க் பாட்டில் எத்தனை இருக்கிறது? ஆனாலும் கார்க் திருகியை உடனே ஒதுக்காதீர்கள். இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதை விட நல்ல சாமான் கிடையாது. கண்ணாடிக் கால் ஸ்க்ரூவுக்கான குட்டி டிரைவர் ஒன்று தனியாகக் கிடைக்கும், அதை அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுபவர் என்றால் ஸ்பார்ட்டன், வீட்டில் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றுபவர் என்றால் டிங்கர்.

இரண்டும் தடிமன் என்று தோன்றினால் 84இல் அலாக்ஸ் கேடட். அலுமினியப் பிடி, ஒல்லி, 46 கிராம். ஆனால் முள்வாங்கியும் பல் குத்தியும் வராது.

சார், நான் எலக்ட்ரீஷியன். டூல் பையைத் தூக்காமல் மல்டி டூலை மட்டும் வைத்து சமாளிக்க முடியுமா? (திருப்பூர்)

முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். மல்டி டூலின் பிடி முழுக்க இரும்பு. 230 வோல்ட் ஓடும் இடத்தில் அது உங்கள் கைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கம்பி, அவ்வளவுதான். சிலர் பிடியில் டேப் சுற்றுகிறார்கள். அதை இன்சுலேஷன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். லைனில் வேலை என்றால் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ரப்பர் பிடி போட்ட சரியான பிளேயரை எடுங்கள்.

மற்றபடி உங்கள் தொழிலுக்கு அது நல்ல துணைதான். பேனல் மூடி கழற்ற, கேபிள் டை வெட்ட, ஏணி மேல் நிற்கும்போது "அதை எடு, இதை எடு" என்று கீழே கத்தாமல் இருக்க. வேவ் பிளஸில் கம்பி வெட்டும் அலகு மழுங்கினால் கழற்றி மாற்றலாம், தினமும் வெட்டுபவருக்கு அது பெரிய விஷயம். கட்டுக்கம்பி வெட்டலாம். ஸ்பிரிங் கம்பியை நுனியில் வைத்து வெட்டாதீர்கள், பல் போய்விடும். தாடையின் அடியில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும்.

பைக்கில் வைக்க எது சரி?

10, 12 சைஸ் ஸ்பேனர். கிண்டல் செய்யவில்லை. மல்டி டூல் குறட்டால் நட்டைத் திருகினால் நட்டின் மூலை ஆறும் உருண்டுவிடும், அப்புறம் மெக்கானிக்கிடம் திட்டு வாங்க வேண்டும். ஸ்பேனரோடு கூட ஒரு மல்டி டூல் இருந்தால் டயரில் ஏறிய ஆணியைப் பிடுங்கலாம், பிய்ந்த கேபிளை இழுத்துப் பிடிக்கலாம். பஞ்சர் கிட் கையில் இல்லாவிட்டால் ட்யூப்லெஸ் டயரில் ஏறிய ஆணியைப் பிடுங்காமல் கடை வரை மெதுவாக ஓட்டிப் போவதே நல்லது. இதற்கு லெதர்மேனின் 142 கிராம் மல்டி டூலான ஸ்கெலிடூல் போதும். குறடு, கத்தி, பிட் மாட்டும் டிரைவர் இருக்கிறது, வேறு அலங்காரம் கிடையாது.

மல்டி டூலில் இருக்கும் கத்தியும் தனிக் கத்தியும் ஒன்றுதானே?

எஃகில் பெரிய வித்தியாசம் இல்லை. வேவில் 420எச்சி, ஸ்விஸ் கத்தியில் 1.4110 என்ற எஃகு. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அது 56. இரண்டும் ரொம்ப நாள் கூர் நிற்கும் ரகம் அல்ல, ஆனால் இரண்டு நிமிடத்தில் தீட்டிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நல்லது.

வித்தியாசம் பிடியில் இருக்கிறது. மல்டி டூலின் கத்தியை விரித்தால் உங்கள் கையில் இருப்பது மடக்கிய குறடு, சதுரமான இரும்புக் கட்டி. பார்சல் பிரிக்க ஒன்றும் தெரியாது. கால் கிலோ மாங்காயைச் சீவி முடிக்கும்போது உள்ளங்கை சொல்லும்.

வெட்டுவதற்காக மட்டும் வேண்டும் என்றால் ஓப்பினெல் பாருங்கள். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசஃப் ஓப்பினெல் செய்தது. மரப்பிடி, மெல்லிய அலகு, 1955இல் சேர்த்த ஒரு திருகு வளையம்தான் அலகு மடங்காமல் பிடிக்கும் லாக். 8ஆம் நம்பரில் அலகு எட்டரை சென்டிமீட்டர். தக்காளியை அது வெட்டுகிற மாதிரி எந்த மல்டி டூலும் வெட்டாது. ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊறி, அலகு பிடிக்குள்ளிருந்து வெளியே வர அடம்பிடிக்கும். கார்பன் எஃகு அலகாக இருந்தால் எலுமிச்சை பட்டதும் கறுத்துவிடும். நம் ஊருக்கு ஸ்டெயின்லெஸ் ரகமே வாங்குங்கள்.

லாக் இல்லாத கத்தி ஆபத்து என்கிறார்களே?

குத்தினால் ஆபத்து, அறுத்தால் இல்லை. சாதாரண பேனாக்கத்தியில் அலகை நிறுத்துவது முதுகில் இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான். அறுக்கும்போது அழுத்தம் கூர் பக்கம் விழுவதால் அது மடங்காது. நுனியால் துளை போடப் போனால், அல்லது முதுகுப் பக்கம் தட்டினால் விரலில் மடங்கும். துளைக்குத்தான் குத்தூசி கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் லாக் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும். பெல்ட்டில் புது ஓட்டை போடும்போது பலகை மேல் வைத்துத் திருகித் திருகி இறக்குங்கள், குத்தாதீர்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வருகிறேன். பாதுகாப்புக்கு எந்தக் கத்தி நல்லது?

எதுவும் இல்லை. மேலே சொன்ன காரணத்தாலேயே அது உங்கள் விரலைத்தான் முதலில் வெட்டும். நல்ல டார்ச், சத்தமான விசில், சார்ஜ் உள்ள போன்.

போலீஸ் பிடித்தால் பிரச்சினை வருமா?

இந்தியாவில் ஆயுத விதிகள் 2016 சொல்வது இது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுதக் கணக்கு. வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. பாக்கெட்டில் வைக்கும் அளவுப் பேனாக்கத்தியின் அலகு 3 அங்குலத்துக்குள் அடங்கிவிடும், எனவே அந்தக் கணக்கில் வராது. ஆனால் சட்டம் வேறு, வாசலில் நிற்கும் காவலர் வேறு. மெட்ரோ, கோர்ட், மால், பெரிய கோயில், கிரிக்கெட் மைதானம் எங்கும் ஸ்கேனரில் தெரிந்தால் நிறுத்துவார்கள். அங்கே விதி எண் சொல்லி வாதாடிப் பயனில்லை. அந்த நாட்களில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பட்டன் தட்டினால் விரியும் கத்தி பக்கமே போக வேண்டாம்.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே வேவ் எடுத்துப் போகலாமா அண்ணா?

தம்பி, அங்கே கவனம். காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மடங்கும் கத்தி மட்டும், அலகு 3 அங்குலத்துக்குள், லாக் இருக்கக்கூடாது. வேவின் அலகு 2.9 அங்குலம். நீளத்தில் தப்பிக்கும், லாக்கில் மாட்டும். மல்டி டூலுக்குள் இருக்கிறது என்பதால் சலுகை கிடையாது. வேலைக்குப் போகும் வழியில் வேலைக்கான கருவியாக இருந்தால் அது நியாயமான காரணம். சனிக்கிழமை சாயங்காலம் ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிடப் போகும்போது அது காரணம் ஆகாது. உனக்கு ஸ்பார்ட்டனோ கேடட்டோதான்.

விமானத்தில்?

செக்-இன் பெட்டியில். கைப்பையில் வேண்டாம், சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் கூட வேண்டாம். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்னக் கத்திகளைக் கேபினுக்குள் விடலாம் என்று அறிவித்து, விமானப் பணியாளர்கள் எதிர்ப்பு தெரிவித்ததும் ஜூன் மாதமே கைவிட்டார்கள்.

அப்பா வேட்டி கட்டுபவர், தோட்ட வேலை. அவருக்கு என்ன வாங்கித் தரலாம்? (தேனி)

வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுகிறாரா? அப்படியென்றால் அதன் பையில் 111 மில்லிமீட்டர் கூடத் தாராளமாக உட்காரும், எடைப் பிரச்சினை அவருக்கில்லை. ஆனால் ஒட்டுக் கட்டுகிறார், கவாத்து செய்கிறார் என்றால் மல்டி டூல் வாங்கி ஏமாற்றாதீர்கள். ஒட்டுக் கட்டும் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், வெட்டு தட்டையாக விழுந்தால்தான் ஒட்டு சேரும். அதற்கென்று தனிக் கத்தி கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். பலாப் பால் ஒட்டினால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டாம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

கீலுக்குள் மட்டும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாள்பட்டால் பிசினாகி, அலகைத் திறக்க நகம் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள், ஆனாலும் புள்ளி விழுகிறது.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. கூர் நிற்க எஃகில் கார்பன் வேண்டும், கார்பன் கூடக் கூடத் துருவைத் தடுக்கும் சக்தி குறையும். சாப்பாட்டுத் தட்டு மின்னுவதும் கத்தியில் புள்ளி விழுவதும் அதனால்தான். வியர்வையோடு பாக்கெட்டில் கிடப்பது கடற்காற்றை விட மோசம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் எல்லா அலகையும் திறந்து கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டு. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறடு உள்ள மல்டி டூலில் இடுக்கு அதிகம், அதனால் இந்த வேலையும் அதிகம். உங்கள் ஊருக்கு நான் பேனாக்கத்தியையே சொல்வேன்.

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனைக்குக் கொடுங்கள், இதற்கு வேண்டாம். அவரது சக்கரம் வேகமாகச் சுற்றும், மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் சாணைக்கல்லை நனைத்து, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து இழுங்கள். டிகிரியை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அலகை நட்டுக்குத்தாகப் பிடியுங்கள், அது 90. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதியை விடக் கொஞ்சம் குறைவு. ஒரே சாய்வில் கடைசி வரை இழுப்பதுதான் முக்கியம், சரியான எண் அல்ல. பல் வைத்த அலகை வீட்டில் தீட்டுவது தலைவலி. கயிறு நிறைய அறுக்காதவர் பல் அலகு வாங்கவே வேண்டாம்.

நடைபாதைக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டி டூல் பார்த்தேன். வாங்கலாமா?

பொம்மை என்று நினைத்து வாங்கினால் சரி. குறட்டை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், தாடைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பியை அது பிடிக்காது. அலகைத் திறந்து இடவலமாக ஆட்டுங்கள். ஸ்டார் டிரைவரின் நுனியை ஒரு பழைய ஸ்க்ரூவில் வைத்து அழுத்தித் திருகுங்கள், மட்டமான எஃகு அங்கேயே வழுக்கி உருண்டுவிடும். கடைக்காரர் திருக விடவில்லை என்றால் அதுவே பதில்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்ல பிராண்டில் சின்னதாக ஒன்று வாங்குங்கள். விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் கிளாசிக் 22 கிராமுக்குள்தான், கத்தரிக்கோலும் இருக்கிறது. கைப்பையில் எது வைக்கலாம் என்று கேட்டிருந்த மூன்று சகோதரிகளுக்கும் இதே பதில்.