மாடியில் ஒரு தனிக்குடித்தனம்

கேள்வி: அல்சூரில் எங்களுக்கு மேலும் கீழுமாக வீடு. வைஃபை பெட்டி கீழே ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது, மாடியில் மகன் அறையில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. பரணில் கிடந்த பழைய ரவுட்டரை மகனின் நண்பர் எடுத்து, கீழிருந்து வயர் இழுத்து மாட்டிக்கொடுத்தார். நெட் வந்துவிட்டது சார். ஆனால் மாடியில் இருக்கிற பிரின்டரைக் கீழே உள்ள என் போன் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. பேத்தியின் ஹோம்வொர்க்கை அச்செடுக்கத் தினமும் படியேறுகிறேன், முட்டிவலி வேறு. என்ன செய்யலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, முதலில் மாடி ரவுட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஒரே நிறத்தில் நாலு துளை இருக்கும், அதற்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒன்று தனியாக இருக்கும். கீழிருந்து வரும் வயர் அந்தத் தனித் துளையில்தான் செருகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு 'வேன்' என்று பெயர் (பள்ளிக்கூட வேன் இல்லை). மற்ற நாலும் 'லேன்'.

வேனில் செருகினால் மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு முகவரி வரிசை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தனிக்குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். மாடியில் இருப்பவர்கள் இறங்கி வெளியே போய்வரலாம், அதனால் நெட் கிடைக்கிறது. கீழே இருப்பவர்கள் மேலே போய்க் கதவைத் தட்ட முடியாது, அதனால்தான் உங்கள் போனுக்குப் பிரின்டர் தெரியவில்லை. டபுள் நேட் என்பார்கள். படம் பார்க்க, மெயில் அனுப்ப எல்லாம் இது ஒரு தொந்தரவே இல்லை. பிரின்டர், கேமரா, சில ஆன்லைன் விளையாட்டு என்று வரும்போதுதான் கழுத்தறுக்கும்.

கூட்டுக்குடும்பமாக்க வேண்டும். பழைய ரவுட்டரின் செட்டிங்கில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் மகனிடம் இதைப் படித்துக்காட்டுங்கள்: பழைய ரவுட்டரைக் கீழிருந்து வரும் வயரிலிருந்து கழற்றிவிட்டு, லேப்டாப்பை அதன் லேன் துளையில் தனியாக இணைக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியில் உள்ளே போகலாம். பாஸ்வேர்ட் மறந்திருந்தால் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் புதுசு மாதிரி ஆகிவிடும். அடுத்தது முகவரி மாற்றம். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் மாடியில் உள்ளதற்கு 192.168.1.250 மாதிரி ஒன்று கொடுக்கலாம். ஆனால் கீழ் ரவுட்டர் போன்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் எண்களுக்குள் அது வரக்கூடாது, எதிலிருந்து எதுவரை என்று அதன் டிஹெச்சிபி (என்னவென்று கீழே சொல்கிறேன்) பக்கத்திலேயே போட்டிருக்கும். அப்புறம்தான் மாடி ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் அதை அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் போய், திரும்ப உள்ளே நுழைவதே பெரும்பாடாகிவிடும். கடைசியாக, கீழிருந்து வரும் வயரை வேனில் இல்லாமல் லேனில் செருகிவிட்டு இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் முடிந்தது.

டிஹெச்சிபி என்றால், வீட்டில் யாருக்கு எந்த எண் என்று பங்கிட்டுக் கொடுக்கும் வேலை. ஒரு வீட்டில் அதை ஒருவர்தான் பார்க்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டியபோது அணைக்க மறந்துவிட்டேன், சில போனில் நெட் வரும், சிலதில் வராது, காலையில் வந்தது மதியம் வராது, இரண்டு நாள் இணைப்பு கொடுத்தவர்களைப் போனில் காய்ச்சி எடுத்தேன். வந்த பையன் மாடி ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான், எல்லாம் சரியாகிவிட்டது. "யாரு சார் இதன்ன ஹாக்கித்து?" என்று கன்னடத்தில் கேட்டான். நான்தான் மாட்டினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும், கீழே 1, மேலே 6 அல்லது 11. ஒரு விஷயம், மகன் பேசிக்கொண்டே படியிறங்கினால் போன் கொஞ்ச நேரம் மாடி சிக்னலையே கட்டிக்கொண்டு அழும். பழைய ரவுட்டரில் அது அப்படித்தான்.

வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியதா? நுனியைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம், வேண்டாம். உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நெட் வேகத்தின் அளவு) நாலு போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும், இல்லை இணைப்பே நின்றுவிடும். பழைய ரவுட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், மகனின் ஆபீஸ் வேலைக்கு அது தாராளம். நீளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், 100 மீட்டர் வரை தாங்கும். வெளிச்சுவர் வழியாக இழுத்திருந்தால் ஒரு பிவிசி பைப்புக்குள் விடுங்கள், வெயிலில் மேலுறை வெடித்துவிடும்.

கேள்வி: முருகேஷ்பாளையாவில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தாலே ஓனர் சண்டைக்கு வருகிறார். வயர் இல்லாமல் இரண்டு ரவுட்டரை இணைக்க முடியாதா?
– வாசகர், பெங்களூரு

பதில்: முடியும், ரிப்பீட்டர் மோட் (சிக்னலை வாங்கித் திரும்பக் கொடுக்கும் வசதி) இருந்தால். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள் நிறையப் பேர். வாங்கினால்தானே கொடுக்கும்? போனில் இரண்டு மூன்று கோடு தெரிகிற நடுவழியில் வையுங்கள். அதற்கு முன்னால் தட்டையான நெட்வொர்க் வயர் ஒன்று வாங்கிக் கதவுக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஆணி வேண்டாம், டேப் போதும்.