பழங்குடி மக்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஓர் ஆய்விதழ் அறநெறி விதிகளை வகுக்கும்போது ஒப்புதல் படிவம் மட்டும் போதுமா?

போதாது, சிக்கல் பெரும்பாலும் கையொப்பம் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஹவசுபாய் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி 1990களில் கொடுத்த இரத்த மாதிரிகள், அவர்கள் அறியாமலே மனச்சிதைவு, மூதாதையர் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன; வழக்குக்குப் பின் 2010இல் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகத் தரப்பு 7,00,000 டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பித் தந்தது. ஆகவே தனிநபர் ஒப்புதலோடு சமூகத்தின் ஒப்புதலும், தரவின் நோக்கம் மாறும்போது மறு ஒப்புதலும் பெறப்பட்டதா என்று ஆய்விதழ் கேட்க வேண்டும்.

விதிகளை எழுதும் மேசையில் அம்மக்களும் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் தாங்களே வெளியிட்ட நெறிமுறை, தாய்ப்பாலூட்டும் பெண்களைப் படமெடுத்ததை அவமதிப்பாகச் சுட்டுகிறது. ஆய்வாளர் சான் மக்களிடம் பேசும் மொழி கல்விப்புல நடையில் இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது (இதை ஆய்விதழ்களும் தமக்கு எடுத்துக்கொள்ளலாம்).