மறைந்த எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளையும் நினைவுப் பொருள்களையும் நூலகத்திடம் ஒப்படைக்கும் முன் எவற்றைக் கழித்துவிடலாம்?

உங்கள் ஊர் எழுத்தாளரின் குடும்பத்தார் அவருடைய தாள்களையும் பேனா, மூக்குக் கண்ணாடி முதலியவற்றையும் நூலகத்துக்குத் தர முன்வந்திருப்பதாகவும், தேவையற்றவற்றை முதலில் நீக்கிவிட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எதையும் நீக்காதீர்கள். குறிப்பாக, அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களை நீக்கவே நீக்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக, பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் ஆதரவோடு ஐயரின் பெயரில் சென்னையில் நூலகம் தொடங்கப்பட்டது. இன்று அது பெசன்ட் நகரில் இயங்குகிறது. அங்குள்ள ஏட்டுச் சுவடிகளைப் பற்றிப் பலரும் அறிவார்கள். ஆனால், தமக்கு வந்த கடிதங்களை ஐயர் பத்திரப்படுத்தி வைத்ததும் அதற்கு இணையான கொடை என்றே நான் கருதுகிறேன். 1887இல் சீவக சிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் அச்சேறியதை அந்நூல்களின் முகப்புப் பக்கமே சொல்லிவிடும். அப்பணி நடந்துகொண்டிருந்த காலத்தில் சி.வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களோடும், பாரிஸிலிருந்து தமிழிலேயே எழுதிய பிரெஞ்சு அறிஞர் ஜூலியன் வின்சோனோடும் அவருக்கு இருந்த தொடர்பை அந்தக் கடிதங்களைக் கொண்டுதான் நெருங்கி அறிய முடிகிறது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. அது பெரும் இழப்பு. தாள்களும் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

அடுத்ததாக, கட்டுகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். எழுத்தாளர் ஒரு கடிதத்தை எந்தக் கதையின் வரைவோடு சேர்த்து வைத்திருந்தார் என்பதும் ஒரு செய்தியே; ஆண்டுவாரியாக அடுக்குகிறோம் என்று பிரித்துவிட்டால் அதை மீட்க முடியாது. இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எழுதுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் மெல்ல அகற்றலாம். கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. இராமபாணப் பூச்சி அரித்த தாள்களைத் தனி உறையில் வைத்து நூலகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் அங்குள்ள மற்றத் தொகுப்புகளுக்கும் அது பரவும். மின்படியாக்கம் மிகவும் நல்லது. ஆனால் அது முடிந்தபின் மூலத்தைக் கைவிடலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பேனாவுக்கும் கண்ணாடிக்கும் அவற்றின் வரலாறே மதிப்பு. யார் கொடுத்தது, எந்தக் காலத்தில் பயன்படுத்தினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, பொருளோடு இணைத்து வையுங்கள்.

எழுத்து வடிவில் ஓர் உடன்படிக்கை இல்லாமல் எதையும் கைமாற்ற வேண்டாம். தாள்களைக் கொடுப்பதாலேயே பதிப்புரிமை நூலகத்துக்குப் போய்விடாது. இந்தியாவில் அது ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அவருக்கு வந்த கடிதங்களின் உரிமையோ அவற்றை எழுதியவர்களுடையது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய அந்தரங்கச் செய்திகள் இருந்தால், அவற்றைக் கிழிப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஆண்டுவரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, ஆய்வாளர்களுக்குப் பார்வைக்குத் தர வேண்டும் என்னும் இரண்டையும் உடன்படிக்கையில் கட்டாயம் சேருங்கள். ஒப்படைக்கும் நாளில் முழுப் பட்டியலிலும் நூலகத்தாரின் கையொப்பம் பெற்று, ஒரு படியைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுங்கள்.