விங்சூட்டும் இருநூறும் – கடிதம்

வணக்கம் சார்,

பாராசூட் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்குப் பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலை. இதுவரை 310 ஜம்ப் முடித்திருக்கிறேன், அதில் 60 விங்சூட், அதாவது கைக்கும் உடம்புக்கும் இடையிலும் கால்களுக்கு நடுவிலும் துணி இறக்கை வைத்த உடுப்பு, போட்டுக் குதித்தவை. என் அலுவலக நண்பர்கள் இருவருக்கும் ஆளுக்கு 140 ஜம்ப் ஆகியிருக்கிறது. ஒருவர் சேலத்துக்காரர், இன்னொருவர் இங்கே அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். டிசம்பரில் பத்து நாள் மூவரும் ஸ்பெயின் போகிறோம். அங்கே விங்சூட்டை நானே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். குறைந்தது 200 ஜம்ப் வேண்டும் என்ற விதி தெரியும். ஆனால் அல்சூர் நண்பர் காற்றில் என்னைவிடக் கெட்டிக்காரர். 200 என்பது யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்ட எண்தானே? முதல் தடவை பறப்பவருக்கு என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பறப்பதைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. கையையும் காலையும் விரித்தால் உடுப்புக்குள் காற்று புகுந்து விறைக்கும், அது பாட்டுக்குப் பறக்கும். சாதாரண ஜம்பில் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவர், விங்சூட்டில் அதில் பாதி வேகத்தில்தான் இறங்குவார். 13,000 அடியில் குதித்தால் ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் கிடைக்கும். நான் ஒரு மாணவரோடு தரையில் ஒரு நாள் உட்கார்ந்தால் பறப்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்குவேன். மீதி நேரமெல்லாம் விமானத்தை விட்டு வெளியே வருவதற்கும் பாராசூட்டைத் திறப்பதற்கும்தான்.

இந்தத் துறையில் செத்தவர்களின் கதையைப் பாருங்கள். கிளெம் சோன் என்ற அமெரிக்கர் 1937இல் பாரிஸ் அருகே வின்சென்னில் நன்றாகவே மிதந்து இறங்கினார். பிரதான பாராசூட் சிக்கியது, அடுத்ததும் அதோடு பின்னிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் லியோ வாலன்டின் 1956இல் லிவர்பூலில் விமானத்தை விட்டு வெளியே வரும்போதே அவருடைய மர இறக்கை விமானத்தில் மோதி உடைந்தது. இன்றைய விங்சூட்டுக்கு வழி போட்ட பாட்ரிக் டி கயார்டோன் 1998இல் ஹவாயில் இறந்ததற்குக் காரணம், தன் பாராசூட் பையில் அவர் செய்திருந்த ஒரு மாற்றம். மூவரில் ஒருவரையும் பறத்தல் கொல்லவில்லை. ஒருவரை வாசல் கொன்றது, இருவரைத் திறப்பு கொன்றது.

திறப்பில் என்ன சிக்கல்? விங்சூட் அணிந்தவரின் முதுகுக்குப் பின்னால் பெரிய காற்று நிழல் விழும். பிரதான பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டான பைலட் சூட்டை வீசினால் அது அந்த நிழலில் மாட்டி, இழுவையில்லாமல் ஆடிக்கொண்டு நிற்கலாம். அதற்காகத்தான் விங்சூட்டில் பெரிய பைலட் சூட், அதைப் பாராசூட்டோடு இணைக்கும் நீளமான பட்டை. அது பாதித் தீர்வு. மீதிப் பாதி கைகளில் இருக்கிறது. சாதாரண ஜம்பில் வலது கை பின்னால் போகும், இடது கை தலைக்கு மேலே போய்ச் சமன் செய்யும். விங்சூட்டில் இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி பின்னால் போக வேண்டும். ஒரு கை மட்டும் போனால் ஒரு இறக்கை மூடி, மற்றது திறந்திருக்கும். உடம்பு புரளும், கயிறுகள் முறுக்கிக்கொண்டு திறக்கும். அந்த முறுக்கைப் பிரிக்கக் கையை உயர்த்தலாம் என்றால், கை இறக்கைத் துணிக்குள் இருக்கிறது. பல உடுப்புகளில் முதலில் ஜிப்பை இழுத்துக் கையை விடுவிக்க வேண்டும்.

நீங்கள் கெட்டிக்காரர், உடனே மடக்குவீர்கள்: 'அப்படியென்றால் 200 ஜம்பில் வந்த வலது கைப் பழக்கம் இங்கே எதிரிதானே சார்? 140 பழக்கம் மறக்கச் சுலபமாச்சே?' பாதி சரி. ஆனால் அந்த 200 கைப்பழக்கத்துக்காகப் போட்ட எண் என்று நான் நினைக்கவில்லை, மனசு காலியாவதற்காக என்றே நினைக்கிறேன். அமெரிக்க பாராசூட் சங்கம் 200 என்கிறது, பிரிட்டன்காரர்களும் 200 என்கிறார்கள். எண்ணிக்கை 190ஆக இருந்திருக்கலாம், 220ஆகவும் இருந்திருக்கலாம், அதில் சண்டை வேண்டாம். 140 ஜம்ப் ஆள் உயரமானியைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறார். 200க்கு மேல் போனவருக்குக் கண் தானாகப் போகும், நினைப்பு மிச்சமாகும். அந்த மிச்சத்தில்தான் புதுக் கையசைவு உட்கார இடம் கிடைக்கும். திறமை இருப்பவர்கள் இதில் இன்னும் மோசம், ஏனென்றால் அவர்கள் ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷம் முன்பு வெளிநாட்டில், எனக்கு மிகவும் வேண்டிய ஒருவர் 190 ஜம்போடு வந்தார். பத்துதானே குறைகிறது என்று விட்டுக்கொடுத்தேன். அவரிடம் சின்னதான, வேகமான பாராசூட், அதையும் விட்டுக்கொடுத்தேன். ஒன்றரை நிமிடம் பருந்து மாதிரி பறந்தார், பக்கத்தில் பறந்த எனக்கே பொறாமை. திறக்கும் உயரம் வந்ததும் 190 தடவை செய்ததையே செய்தார்: வலது கை போனது, இடது கை மேலே போனது. பாராசூட் முறுக்கிக்கொண்டு திறந்து சுழல ஆரம்பித்தது. அதை அறுத்துவிட்டு ரிசர்வில், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டில், ஒரு சோளக்காட்டில் இறங்கினார். சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு அவர் கையில் இல்லை, முந்தின நாள் இரவு என் வாயில் வராமல் போன 'முடியாது'வில் இருந்தது. உங்கள் நண்பர்கள் தினமும் உங்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். உங்களுக்கு அந்த வார்த்தை இன்னும் கஷ்டமாக வரும்.

சரி, மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வெளியே வந்ததும் விமானத்தின் வால் கடந்து போகும்வரை இறக்கையை விரிக்கக் கூடாது, குறிப்பாக வால் தாழ்ந்த விமானத்தில். விங்சூட் ஆட்கள் பொதுவாகக் கடைசியில் குதிப்பார்கள். விமானம் வந்த கோட்டிலேயே திரும்பிப் பறந்தால், முன்னால் குதித்தவர்கள் பாராசூட்டில் தொங்கும் இடத்துக்குள் புகுந்துவிடுவார்கள். அதனால் முதலில் பக்கவாட்டில் விலகி, அப்புறம் அந்தக் கோட்டுக்கு இணையாகத் திரும்ப வேண்டும். மட்டமாகச் சுழல ஆரம்பித்தால் சுழற்சியோடு மல்லுக்கட்டக் கூடாது. இறக்கையை மூடி, முழங்காலை மார்போடு அணைத்துப் பந்தாகிவிட வேண்டும். ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவியான ஏ.ஏ.டி. காப்பாற்றும் என்ற நம்பிக்கை வேண்டாம்; அந்தக் கருவி வேகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும், விங்சூட்டில் மெதுவாக இறங்குகிறவரை அது 'விழவில்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். தொடைப் பட்டையை நீங்களே கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். உடுப்பு மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது, அதை மாட்டாமல் குதித்துச் செத்தவர்கள் உண்டு.

அப்புறம் உங்கள் 60. அது பறக்கப் போதும். கற்றுக்கொடுக்கப் போதாது என்பது என் கருத்து. மாணவர் திடீரென்று மூழ்குவார், திடீரென்று மிதப்பார், எதிர்பாராத பக்கம் திரும்புவார். நீங்கள் மோதாமல் பக்கத்திலேயே நின்று அவர் கண்ணுக்குத் தெரிந்தபடி சைகை காட்ட வேண்டும். உங்கள் சொந்தப் பறத்தலைப் பற்றி யோசிக்கிற நிலையில் இருந்தால் இது நடக்காது. மேலே 140க்குச் சொன்னதேதான்.

பெங்களூரிலிருந்து 200 சேர்ப்பது என்றால் விசா, டிக்கெட், லீவு என்று எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் டிசம்பரை வீணாக்க வேண்டாம். பத்து நாளும் அவர்கள் டிராக்கிங் ஜம்ப், அதாவது விங்சூட் இல்லாமல் உடம்பை வைத்தே காற்றில் முன்னோக்கிச் சறுக்கிப் போகும் ஜம்ப், செய்யட்டும், திசை பிடித்துப் போய்த் திரும்பி வரட்டும். அதுவரை வாரக் கடைசியில் உங்கள் உடுப்பையும் ரிக்கையும் (பாராசூட் பை) மாட்டிவிட்டு, மொட்டைமாடியில் ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்க வையுங்கள். இரண்டு கையையும் ஒன்றாகப் பின்னால் கொண்டுபோய் பைலட் சூட்டை எடுக்கச் சொல்லுங்கள். இருபது தடவை ஆனதும் சில்க் போர்டு சிக்னலில் நேற்று எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பேசும்போது எந்தக் கை முந்துகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இருவரும் என்ன பாராசூட் வைத்திருக்கிறார்கள், எத்தனை சதுர அடி என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.