பசங்க இல்லாத நேரம்தானே?

கேள்வி: எங்க பையன் படிக்கிற ஸ்கூல் ஆடிட்டோரியத்தையும் கிரவுண்டையும் லீவு நாள்ல பார்ட்டிக்கு வாடகைக்கு விடுறாங்க. உள்ள சரக்கும் ஓடுது. கேட்டா "பசங்க இல்லாத நேரம்தானே"ங்கிறாங்க. இது சரியா?

பதில்: சரியில்லைங்க, துளிகூட சரியில்ல. தமிழ்நாட்டுல 2003-ஆம் வருஷ மதுக்கடை விதிப்படி மாநகராட்சி, நகராட்சிக்குள்ள பள்ளி, கல்லூரியில இருந்து 50 மீட்டருக்குள்ள கடை கூடாது, மத்த இடத்துல 100 மீட்டர். ஞாயித்துக்கிழமைன்னா பரவால்ல, மணி அடிச்சப்புறம்னா பரவால்லன்னு அதுல எங்கயும் இல்ல. கடையையே அவ்வளவு தள்ளி நிறுத்திட்டு காம்பவுண்டுக்குள்ள டேபிள் போட்டு ஊத்துறதுக்கு என்ன நியாயம்? 2023-ல ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கி கல்யாண மண்டபத்துல மது பரிமாறலாம்னு விதியைத் திருத்துனாங்க, ஊரே கொந்தளிச்சுது, அப்புறம் அந்த விதியில இருந்து கல்யாண மண்டபத்தை எடுத்துட்டாங்க. மண்டபத்துக்கே வேண்டாம்னு ஜனங்க சொன்னதை பள்ளிக்கூடத்துல எப்படி விட முடியும்?

இப்படி வாடகைக்கு விட்ட ஒரு ஸ்கூலுக்கு திங்கக்கிழமை காலையில நானே போயிருக்கேன். பசங்க கோ-கோ ஆடுற மண்ணுல பாட்டில் மூடி அழுந்திக் கிடக்கு, வாட்ச்மேன் பெரியவர் குனிஞ்சு குனிஞ்சு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி கோணியில போட்டுட்டு இருக்கார், எட்டரைக்கு மொத பஸ் வந்துடும்னு அவருக்குப் பதட்டம், அந்த மண்ணுல புள்ளைங்க வெறுங்கால்ல ஓடும்ங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அதோட பார்ட்டின்னா பெரியவங்க மட்டுமா வர்றாங்க? பிளஸ் டூ பையனும் கூட நிப்பான். 18 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு மது கொடுத்தா சிறார் நீதிச் சட்டம் 2015, 77-வது பிரிவுல 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். காலேஜுக்காரங்களும் கேட்டுக்கணும், இங்க குடிக்கிற வயசு 21, யூஜி பசங்கள்ல பெரும்பாலானவங்க அதை எட்டாதவங்க.

நீங்க தனியா போய் சண்டை போடாதீங்க, நாலு பெற்றோரைச் சேர்த்துக்கிட்டு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்க. மது கூடாதுங்கிற வரி அதுல இல்லைன்னா சேர்க்கச் சொல்லி எழுத்துல கொடுத்து கையெழுத்து வாங்கிக்குங்க. அதுக்கப்புறமும் நடந்துச்சுன்னா விடியற வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கு ராத்திரியே போலீஸுக்கு போன் பண்ணுங்க.