கண்ணீர் வடிகிறது, பிறகு எப்படி வறட்சி?

மிஸி அக்காவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. யாழ் நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. விடிய எட்டரை தொடக்கம் பின்னேரம் ஐந்து வரை கொம்பியூட்டர்தான். நாலைந்து மாதமாக மத்தியானம் தாண்டினால் கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது, எரிகிறது, சிவக்கிறது. எழுத்து மங்கும், இரண்டு தரம் சிமிட்டினால் தெளியும். என் கதிரை ஏசிக்கு நேர் எதிரே. கழுத்து உளைகிறதென்று மொனிட்டரை மூன்று ஏ4 பேப்பர் கட்டின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட வெட்கம், கண்ணீர் வடிவதுதான். போன கிழமை மனேச்சர் தனியே கூப்பிட்டு, "வீட்டில் ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டுவிட்டார். பாமசியில் "இது கண் வறட்சி" என்று ஒரு துளிமருந்து தந்தார்கள். விட்டவுடன் சிவப்பு போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது. இப்போது ஒரு நாளைக்கு ஆறேழு தரம் விடுகிறேன். அம்மா நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரை விடச் சொல்கிறா. இப்படித் தண்ணீர் ஓடுகிற கண் எப்படி வறளும்? பார்வை போய்விடுமா? வேலையை விட வேண்டுமா? (தூசித் தும்மலுக்கு இரவில் பிரிற்றன் ஒன்று போடுவேன். வேறு வருத்தம் இல்லை.)
– வாசகி, கோப்பாய்

தங்கச்சி, பாமசியில் சொன்னது சரி. கையில் தந்த மருந்துதான் சரியில்லை. அந்த மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பெரிய பயத்துக்குப் பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பார்வை போகிற வருத்தமாகத் தெரியவில்லை. வேலையையும் விட வேண்டாம். கதிரையை மாற்றவேண்டி வரலாம், அவ்வளவுதான்.

நான் வைத்தியர் அல்ல, கண் விடுதியிலும் கிளினிக்கிலும் காலம் கழித்த ஒரு பழைய தாதி. "தண்ணியா ஓடுது மிஸி, இவை வறட்சி எண்டு எழுதியிருக்கினம்" என்று துண்டை நீட்டிச் சண்டைக்கு வந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். நியாயமான சண்டைதான்.

கண்ணின் மேல் படர்ந்திருக்கும் ஈரம் வெறும் தண்ணீர் அல்ல. அடியில் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் வழுவழுப்பு, நடுவில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய் ஏடு. குழம்பின் மேல் எண்ணெய் படர்ந்து நிற்குமே, அதைப்போல. அந்த ஏடு இருக்கும் வரை தண்ணீர் இலகுவில் ஆவியாகிப் போகாது. எண்ணெயைத் தருபவை இமைக்குள் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானியர் மைபோம் என்பவரின் பெயரில்தான் இன்றும் மைபோமியன் சுரப்பி என்கிறார்கள். எண்ணெய் குறைந்தாலோ, அதை ஒழுங்காகப் பூசிவிட இமை வராவிட்டாலோ, ஈரம் அங்கங்கே பிய்ந்து கருவிழி திட்டுத்திட்டாகக் காய்கிறது. உடலிலேயே மிகவும் கூச்சமுள்ள இடங்களில் கருவிழியும் ஒன்று. அது அலறியடிக்க, கண்ணீர்ச் சுரப்பி அவசரத்துக்குத் தண்ணீரைக் கொட்டுகிறது. எண்ணெய் போதாத தண்ணீர். காய்ந்த தோட்டத்தில் ஒரேயடியாக இறைத்தால் மண்ணில் ஊறாமல் வாய்க்கால் உடைத்து ஓடுமே, அதுபோலக் கன்னத்தால் வழிந்து போகிறது. கண் காய்ந்தபடியே இருக்கிறது. மனேச்சர் கண்டது அந்தத் தண்ணீரைத்தான்.

எழுத்து மங்கி, சிமிட்டினால் தெளிகிறது என்றீர்களே, அது நல்ல தடயம். கண்ணாடிப் பவரில் மட்டும் கோளாறென்றால் சிமிட்டித் தெளியாது. ஈர ஏடு பிய்ந்ததால் மங்கியது, இமை வந்து திரும்பப் பூசியதும் தெளிந்தது.

அப்போ ஏன் கந்தோரில் மட்டும்? சும்மா கதைத்துக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தரம் அளவில் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று விழுந்துவிடுகிறது. அதிலும் பாதி அரைச் சிமிட்டல்: மேலிமை பாதி தூரம் வந்து, கீழே தொடாமலே திரும்பிப் போகும். கூட்டும்போது முற்றத்தின் ஒரு ஓரத்தை எப்போதும் விட்டுவிடுவதுபோல, கருவிழியின் கீழ்ப்பகுதி நாள் முழுக்கக் காய்கிறது. ஆகவே குற்றவாளி கொம்பியூட்டரின் வெளிச்சம் அல்ல. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று யாரும் விற்க வந்தால் காசைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது; கொம்பியூட்டரால் வரும் கண் அயர்ச்சிக்கு அந்தக் கண்ணாடி உதவுவதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது.

உங்களுக்கு வேண்டிய கண்ணாடி வேறொன்றாக இருக்கலாம். 42 வயது, கழுத்து உளைவு. வெள்ளெழுத்து தொடங்கும் வயது தங்கச்சி. எழுத்துத் தெரியாமல் கழுத்தை முன்னே நீட்டியிருப்பீர்கள், கழுத்து உளைந்திருக்கும், அதற்காக மொனிட்டரை மேலே ஏற்றியிருப்பீர்கள். ஏற்றியதால் நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறீர்கள். மேலே பார்த்தால் கண் அகலத் திறக்கும், கூடுதலான இடம் காற்றுப்பட்டுக் காயும். கீழே பார்த்தால் இமை பாதியை மூடிக் காப்பாற்றும். பேப்பர் கட்டுகளை இன்றைக்கே இறக்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். 50 முதல் 70 சென்ரிமீற்றர் தூரம், கிட்டத்தட்ட ஒரு கை நீளம். பிறகு கண்ணைச் சோதித்துக் கண்ணாடி தேவையா என்று பாருங்கள். மூன்று பேப்பர் கட்டுக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

அடுத்தது ஏசி. கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு கண் காய்கிறதென்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே குழாயால் சொட்டவிடுகிறது. அந்தக் காய்ந்த காற்று நேரே முகத்தில் அடித்தால் எந்தக் கண்ணும் தாங்காது. காற்று விழும் பலகையை மேலே திருப்பிவிடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கதிரையைத் தள்ளிப் போடுங்கள். எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டில் பிரச்சினையோ என்று மனேச்சர் தானே கேட்டார், பிரச்சினை அவருடைய ஏசியில்தான் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம். இரவில் ஃபானை முகத்துக்கு நேரே விட்டுப் படுக்கிறீர்களா என்றும் பாருங்கள். சிலருக்கு நித்திரையில் இமை முழுதாக மூடாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் ஸ்கூட்டியில் போவதென்றால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓடுங்கள்.

சிமிட்டலை என்ன செய்வது? "அடிக்கடி சிமிட்டுங்கள்" என்றால் பத்து நிமிடம் நினைவிருக்கும், பிறகு மறந்துபோகும். கையோடு நடக்கும் ஒரு வேலையில் அதைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு வவுச்சரையும் பதிந்து என்ரர் தட்டும்போது ஒரு முழுச் சிமிட்டல்: இரண்டு இமையும் தொடட்டும், ஒரு கணம் மூடியிருக்கட்டும், பிறகு திறக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் யன்னலுக்கு வெளியே தூரத்தில் ஏதாவது ஒரு மரத்தைப் பாருங்கள். பக்கத்து மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது கணக்கில் வராது.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரி. கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். பிரிற்றன், அந்தச் சின்ன மஞ்சள் குளிசை, நம்மூரில் மருந்து என்றே யாரும் கணக்கெடுப்பதில்லை. வருத்தம் இல்லை என்று எழுதும்போதுகூட அது ஒரு ஓரமாகத்தான் வருகிறது. மூக்கால் ஓடுவதை எந்த வழியால் நிறுத்துகிறதோ, அதே வழியால் வாயையும் கண்ணையும் அது காயவைக்கும். இரவில் போட்டது விடிந்தும் உடம்பில் இருக்கும். ஒவ்வொரு இரவும் போடுகிறீர்கள். தும்மலுக்கு வேறு வழி உண்டா, மூக்குக்கு அடிக்கும் மருந்து பொருந்துமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நித்திரைக்கும் மனப்பாரத்துக்கும் கொடுக்கும் அமிற்றிப்டிலின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோற்றெற்றினோயின் போன்றவையும் கண்ணைக் காயவைக்கும். இதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, துளிமருந்து. விட்டவுடன் சிவப்புப் போய்த் திரும்பி வருகிறது என்கிறீர்கள். போத்தலைத் திருப்பி நஃபசோலின், ரெற்றாஹைட்ரோசோலின் போன்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். வறட்சிக்கு மருந்தே அல்ல. வேகம் விட்டதும் குழாய்கள் முன்னையைவிட விரியும், இன்னும் சிவக்கும், இன்னும் விடுவீர்கள். ஆறேழு தரம் என்கிற உங்கள் கணக்கு அப்படி வந்ததாகவே எனக்குப் படுகிறது. அதை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் சிவப்பு கூடினாலும் பயப்பட வேண்டாம். வேண்டியது செயற்கைக் கண்ணீர்: கார்பொக்சிமெதில்செலுலோஸ் அல்லது ஹைப்ரோமெலோஸ் என்று எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம் வரை சாதாரணப் போத்தல் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்கப் போடும் பென்சல்கோனியம் குளோரைட் இல்லாததாக வாங்குங்கள், அந்த இரசாயனமே கண்ணை அரிக்கும். ஒரு துளி போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மருந்து தொண்டைக்குள் இறங்காது. திறந்த போத்தலில் வேறு விதமாக எழுதியிருக்காவிட்டால் ஒரு மாதத்தோடு எறியுங்கள். ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வெயிலில் வைக்க வேண்டாம்.

ஒருவர் கிளினிக்குக்கு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. தமையனுக்கு எழுதிக் கொடுத்த ஸ்ரெரொயிட் துளிமருந்தைத் தானும் மாதக்கணக்கில் விட்டவர். சுகமாக இருந்தது என்றார். சுகமாகத்தான் இருக்கும். உள்ளே கண்ணழுத்தம் ஏறியிருந்தது. கண்புரையும் அதனால் வரலாம். வேறொருவரின் போத்தல் எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரருடையதாக இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு வேண்டாம்.

நந்தியாவட்டையும் அப்படித்தான். பூவோடும் கிணற்றுத் தண்ணீரோடும் வரும் கிருமி, ஏற்கெனவே காய்ந்து கீறுபட்ட கருவிழியில் புண் வைக்கலாம். அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். பூவைச் சாமிக்கு வைத்துவிட்டு, ஒத்தணத்துக்குச் சுடுதண்ணீர் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒத்தணம்தான் என் கணிப்பில் போத்தலைவிடப் பெரிய மருந்து. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடக்க, நாம் அதை வெயிலில் வைப்போமே, இமைச் சுரப்பியிலும் அதே கதைதான். எண்ணெய் தடித்து வாயை அடைத்துவிடும், சூடு பட்டால் இளகும். சுத்தமான துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பொறுக்கக்கூடியதா பாருங்கள், 40 பாகை செல்சியஸ் அளவு போதும். மூடிய கண்ணில் பத்து நிமிடம். துவாய் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவி, இமை மயிர் வேரைத் துடைத்துவிடுங்கள். விடிய ஒருதரம், இரவு ஒருதரம். நாலு கிழமையாவது செய்யாமல் பலனில்லை என்று எழுத வேண்டாம்.

மீனெண்ணெய்க் குளிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். 2018இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் ஒரு வருடம் ஒமேகா 3 குடித்தவர்களும் ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். சூடை மீனைச் சொதி வைத்துச் சாப்பிடுங்கள், அது ருசிக்காக.

கண் குத்தி வலித்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலோ, சிமிட்டியும் மங்கல் தெளியாவிட்டாலோ, ஒரு கண் மட்டும் சிவந்து பூளை தள்ளினாலோ உடனே காட்டுங்கள். வாயும் காய்ந்து, தண்ணீர் இல்லாமல் பாண் துண்டு விழுங்க முடியவில்லை, மூட்டும் நோகிறது என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் சோக்ரன் என்றொரு வருத்தம் உண்டு, நடுவயதுப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும்.

அவசரம் இல்லாவிட்டாலும் ஒருதரம் கண் வைத்தியரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. கீழிமையில் சின்னக் கடதாசித் துண்டொன்றைக் கொழுவி ஐந்து நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீற்றர் நனைந்தது என்று பார்ப்பார்கள். நோகாது, கூச்சமாக இருக்கும். அன்றைக்கு விடிய எந்தத் துளியும் விடாமல் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் போத்தலையும் குளிசையையும், அந்த மஞ்சள் குளிசையையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று ஸ்கூட்டி வேண்டாம், தம்பியோ யாரோ ஏற்றி இறக்கட்டும்.