சொந்தத் துக்கத்துக்கு வராத கண்ணீர், கதைக்கு வருகிறதே டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 61. பள்ளத்தூர் பக்கம் எங்கள் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். வீட்டுக்காரர் தவறி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவர் போனபோது நான் அழவில்லை. கேதத்துக்கு வந்த சனத்துக்குக் காபி போயிற்றா, காரியத்துக்குச் சாமான் வந்ததா என்று பார்ப்பதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது நூலகத்தில் எடுத்துவரும் நாவல்களைப் படித்துவிட்டு அழுகிறேன். போன வாரம் ஒரு கதையில், இறந்துபோன கணவனின் மூக்குக் கண்ணாடியை மனைவி தினமும் துடைத்துத் துடைத்து வைப்பாள். அதற்குத் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்துக் கொஞ்ச நேரம் போனால் மனசு லேசாகிறது. ஆனால் 'புருஷனுக்கு அழாதவள் புத்தகத்துக்கு அழுகிறாளே' என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அண்ணன் மனைவி அண்ணமிண்டியோ, 'பிரஷர்காரி இப்படி அழுதால் ஒருநாள் மண்டையில் ரத்தம் கட்டிக்கொள்ளும், சோகக் கதையைத் தொடாதே' என்கிறார். பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. இது மனவியாதியா? படிப்பதை நிறுத்திவிடவா?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: நிறுத்த வேண்டாம், ஆச்சி. நூலகச் சந்தாவைக் கட்டிவிடுங்கள்.

முதலில் அண்ணமிண்டியின் பயம். அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. அழும்போது நாடித்துடிப்பு கூடும், பி.பி.யும் கொஞ்சம் ஏறும். மச்சுப்படி ஏறினாலும் ஏறும், மகன் இரண்டு நாள் போன் பண்ணாவிட்டாலும் ஏறும். அழுகை அடங்கினால் அதுவும் இறங்கிவிடும். பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுவது, வருஷக்கணக்கில் இறங்காமல் நிற்கிற பி.பி. அதன் பின்னால் நான் அடிக்கடி பார்ப்பது விட்டுப்போன மாத்திரையையும் வத்தல் ஊறுகாய் உப்பையும்தான். நாவலை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: அழுத கையோடு பி.பி. பார்க்காதீர்கள். அரைமணி போகட்டும், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். அழுத கண்ணோடு எடுத்த எண்ணைக் காட்டி, 'மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள்' என்று வருபவர்கள் உண்டு.

துக்கத்தில் இதயமே பழுதாவதும் உண்டுதான். 1990-இல் ஜப்பான் மருத்துவர்கள் விவரித்தது. இதயத்தின் இடது கீழறை, அந்த ஊரில் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானை மாதிரி உப்பிவிடும். அதனால் பானையின் பெயரையே வைத்து 'டகோட்சுபோ' என்றார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆனால் அது இடி விழுந்த மாதிரி வரும் அதிர்ச்சியில் வருவது, சாயங்காலம் தூணில் சாய்ந்து படிக்கிற கதையில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், 'கதை படித்ததால்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

இனி உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கனமான விஷயம் அதுதான்.

என் அப்பத்தா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சணலால் தைத்து, பைண்டு போட்டு வைத்திருந்தார். இரண்டாங்கட்டில் தூணோரம் கால் நீட்டி உட்கார்ந்து படிப்பார். அழுகிற கட்டம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைப்பார். மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விட்ட வரியிலிருந்தே தொடங்குவார். பத்து நிமிஷத்தில், 'பால்காரன் வந்தானாடா?' என்று குரல் வரும். அவருடைய அண்ணன் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போனவர். 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே நுழைந்தபோது கால்நடையாகக் கிளம்பியவர், வந்து சேரவில்லை. அவரைப் பற்றி அப்பத்தா பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்தக் கட்டுகளில் ஒன்று, கடல் கடந்து போனவன் திரும்பாத கதை. அதில் ஒரே ஒரு பக்கத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு எண்ணெய் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அப்பத்தா போன பிறகுதான் அதைப் பார்த்தேன்.

அந்த அண்ணனுக்கு உடலும் வரவில்லை, நாளும் தெரியவில்லை, கேதமும் நடக்கவில்லை. அழுவதற்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது, அச்சடித்த கதை திறந்துவிட்டது. உங்கள் வீட்டிலோ எல்லாம் முறைப்படி நடந்தது, அழ மட்டும் உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு சாவு என்றால் வீட்டுக்கார அம்மாதான் கடைசிப் பந்தி வரைக்கும் நிற்பார். முன்பாவது பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது அவரையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இப்போது குளிர்பெட்டிக்கு மின்சாரம் சரியாக வருகிறதா என்பதையும் அவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

சொந்தத் துக்கத்துக்குள் நேரே இறங்க மனசு பயப்படும். இறங்கினால் ஏற முடியுமா என்று தெரியாது. கதையில் கண்ணாடி வேறு யாருடையதோ. 'இது எனக்கு நடக்கவில்லை' என்ற அந்தத் துளி தூரம்தான் பிடிமானம். தாங்கவில்லை என்றால் புத்தகத்தை மூடலாம், யாரும் வந்து 'அழாதே' என்று கையைப் பிடிக்க மாட்டார்கள். 2017-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்: கலை தரும் தூரம் நமக்குப் பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்பில் நின்றுகொண்டு துக்கத்தை மனசு அணைத்துக்கொள்கிறது என்று. தொல்காப்பியர், மனசின் உணர்ச்சி உடம்பில் தெரிகிற மெய்ப்பாடு எட்டில் நகை என்ற சிரிப்புக்கு அடுத்தபடி அழுகையை வைத்து, அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணமும் சொன்னார். இழவு என்றால் இழப்பு. ஒரு கேள்வி, ஆச்சி: உங்கள் வீட்டுக்காரரின் கண்ணாடி இப்போது எங்கே இருக்கிறது? எங்கோ அலமாரியில் கூட்டோடு இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் நீங்கள் புத்தகத்துக்கு அழவில்லை. அவருக்குத்தான் அழுதிருக்கிறீர்கள், ஒன்றேகால் வருஷம் தள்ளி.

'கொஞ்ச நேரம் போனால் லேசாகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. 60 பேருக்குச் சோகப் படம் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள், 32 பேர் அழவில்லை. படம் முடிந்த கையோடு பார்த்தால் அழுதவர்களின் மனநிலை இறங்கித்தான் இருந்தது. 20 நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிஷம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. சின்ன ஆய்வு, அதுவும் சினிமா. ஆனாலும் அழுத மறுநிமிஷமே 'ஐயோ, மோசமாகிவிட்டதே' என்று பயப்படக் கூடாது என்பதற்கு இது போதும்.

அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள் ஒரு துயரப் படத்தைக் கூட்டமாகப் பார்க்கவைத்தார்கள். பார்ப்பதற்கு முன்னும் பின்னும், சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாகப் பார்த்தால், வெறும் ஆவணப்படம் பார்த்தவர்களைவிட இவர்கள் வலி தாங்குவது கூடியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களோடு ஒட்டுதலும் கூடியது. உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து கம்பன் விழாப் பந்தலில் தசரதன் எத்தனை முறை உயிர் விட்டிருப்பான்! முடிவு தெரியாமலா வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார்கள்?

வாட்ஸ்அப்பில் வரும் 'கண்ணீரில் விஷம் வெளியேறுகிறது' கதையை மட்டும் நம்பாதீர்கள். வெங்காயம் நறுக்கும் கண்ணீரைவிட உணர்ச்சிக் கண்ணீரில் புரதம் அதிகம் என்று 1980-களில் ஓர் அமெரிக்க ஆய்வாளர் சொன்னார், அதை இழுத்து இழுத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டார்கள். கதை படித்தால் பிறர் மனசு புரியும் என்று 2013-இல் பரபரப்பாக வந்த ஆய்வும், பிறகு வேறு குழுக்கள் செய்துபார்த்தபோது அதே மாதிரி வரவில்லை. அதனால் என்ன? உங்களுக்கு அந்தப் பரீட்சை தேவையில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் மனசு சோர்ந்தே கிடந்தால், தூக்கமோ பசியோ கெட்டால், கோலம் போடவும் பிடிக்காமல் போனால், 'நாமும் போய்விட்டால் தேவலை' என்று தோன்றினால், அது சோகக் கதையின் கணக்கில் வராது. ஒரு வருஷம் தாண்டியும் துக்கம் அன்றாட வேலையை நடக்கவிடாமல் பிடித்துவைத்திருந்தால் அதையும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோயாக 2022-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அப்படி எதுவும் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மனசில் துக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாத இடத்தில் அடக்கமுடியாத அழுகை பொத்துக்கொண்டு வந்தால் அது வேறு. மூளைப் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை.

நான் சொல்வது இவ்வளவுதான்: ராத்திரி படுக்கையில் படிக்காதீர்கள், சாயங்காலம் படியுங்கள், அழுத பிறகு எழுந்து செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கட்டும். அண்ணமிண்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஓர் அத்தியாயம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். யார் முதலில் அழுகிறார் என்று பார்ப்போம். சர்க்கரைக்கு நீங்கள் எடுப்பது மெட்ஃபார்மினாக இருந்தால், வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். குறைந்தால் அசதியும் மனச்சோர்வும் வரும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது அதையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பும்போது அந்தக் கண்ணாடிக் கதையின் பெயரையும் எழுதுங்கள், என் வீட்டம்மா கேட்கச் சொன்னார்.